கோட்டையிலிருந்து வீட்டுக்குள் வந்த ஆர்கன்

ஒரு மேசை, ஆளுக்கொரு காகிதம், பென்சில், இருபது முகப் பகடை. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட இதற்கு மேல் பெரிதாக எதுவும் வேண்டாம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார். அவரை டிஎம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்று, "நான் கதவுல காதை வெச்சுக் கேக்குறேன்", "நான் வாளை உருவுறேன்" என்று வாயால் சொல்லிச் சொல்லியே ஓர் உலகத்தை எழுப்பிவிடுவார்கள். நினைத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

எங்கள் கூட்டம் சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஆடுகிறது. டிஎம் நான்தான். ஆட்டத்தோடு பின்னணி இசையைச் சேர்த்த நாள்முதல் என்னால் வேறு எதைப் பற்றியும் நிம்மதியாகப் பேச முடியவில்லை. பேருந்தில் போகும்போது காதில் எது ஒலித்தாலும், இது எந்தக் குகைக்கு ஆகும், எந்த அரசன் அவைக்கு வரும்போது போடலாம் என்றே மனம் ஓடுகிறது. அவ்வளவு சந்தோஷம் இதில் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் என்னவென்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மேசையில் நடக்கும் எல்லாமே கற்பனை. வாள் கிடையாது, டிராகன் கிடையாது, தங்கக் காசு காகிதத்தில் எழுதிய எண். கோட்டையின் குளிரை நான் சொன்னால் நண்பர்கள் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் ஒருவர் தோலிலும் அந்தக் குளிர் படாது. அந்த உலகத்திலிருந்து கிளம்பி, எங்கள் அறைக்குள் உண்மையாகவே வந்து சேரும் ஒரே பொருள் ஒலி. கதைக்குள் இருக்கும் மந்திரவாதியின் காதில் விழுவதும், அவளாக ஆடும் என் தோழியின் காதில் விழுவதும் அந்த நேரத்தில் ஒன்றேதான். இந்த ஒரு வாசல் போதும், கோட்டை முழுவதையும் அதன் வழியாக இழுத்து உள்ளே கொண்டுவந்துவிடலாம்.

எப்படி என்பதற்கு எங்கள் 'ரேவன்லாஃப்ட்' ஆட்டத்தைத்தான் சொல்லவேண்டும். டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் எழுதிய அந்தச் சாகசம் 1983இல் வெளியானது. அதை விரித்து 2016இல் 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' என்ற பெரிய புத்தகமாகப் போட்டார்கள். பரோவியா என்ற பள்ளத்தாக்கு; அதைச் சுற்றி, நுழைந்தவர் வெளியேற முடியாத மூடுபனி; மேலே கோட்டையில் ஸ்ட்ராட் என்ற பிரபு. தம்பி செர்கெய் மணக்கவிருந்த தாத்யானாமேல் ஆசைப்பட்டு, கல்யாண நாளன்றே தம்பியைக் கொன்றவன். அவள் கோட்டைச் சுவரிலிருந்து பள்ளத்தில் விழுந்தாள். அவன் ரத்தம் குடித்து வாழும் சாகாப் பிறவியாகி அங்கேயே சிறைப்பட்டான். தாத்யானா மறுபடி மறுபடி வேறு பெண்ணாகப் பிறக்கிறாள். ஒவ்வொரு முறையும் தேடிப் போகிறான், ஒவ்வொரு முறையும் இழக்கிறான்.

இந்தக் கோட்டையின் விருந்து மண்டபத்தில் ஒரு பெரிய குழாய் ஆர்கன் இருக்கிறது. வீரர்கள் உள்ளே வரும்போது அது முழங்கிக்கொண்டிருக்கும். அங்கே எதை ஒலிக்கவிடுவது என்பது டிஎம்மின் பாக்கியம். ஆர்கன், வாம்பயர் என்றவுடன் எல்லோருக்கும் நினைவு வருவது இசையமைப்பாளர் பாஹ்கின் டி மைனர் டொக்காட்டா. 1931இல் வந்த 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்திலேயே அது ஒலித்துவிட்டது. அன்றுமுதல் இன்றுவரை திகிலுக்கு அதுவே முத்திரை. ஆனால் ஸ்ட்ராடுக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று அதே பாஹ்கிடம் இருக்கிறது: சி மைனரில் அமைந்த பசகாலியா.

அதன் அமைப்பைக் கேளுங்கள். முதலில் எட்டு அளவு நீளமுள்ள ஒரு மெட்டு. வாசிப்பவர் அதைக் கையால் தொடுவதில்லை; காலால் மிதிக்கும் பெடல்களில் மட்டும், துணையே இல்லாமல், அடி ஆழத்திலிருந்து வருகிறது. அது முடிந்ததும் திரும்ப அதே மெட்டு, இந்த முறை மேலே வேறு குரல்கள் சேர்ந்து. பிறகு மறுபடி. இப்படி இருபது முறை உருமாறுகிறது. சில இடங்களில் மெட்டு கீழேயிருந்து நழுவி உச்சிக் குரலுக்கு ஏறும். சில இடங்களில் துண்டு துண்டாக உடைந்து கிடக்கும். ஆனால் போகவே போகாது. எல்லாம் முடிந்தபின் அதே மெட்டின் முதல் பாதியை எடுத்து, ஒரு குரல் தொடங்கியதை மற்றக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் ஃபியூக் ஒன்று தொடங்கும். ஸ்ட்ராடின் வாழ்க்கையை எழுதிக் கொடுங்கள் என்று பாஹ்கிடம் கேட்டிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக ஒன்று வந்திருக்காது! ஒரே பெண், ஒரே குற்றம், ஒரே இழப்பு, நூற்றாண்டுகளாகத் திரும்பத் திரும்ப.

இன்னும் ஓர் அதிர்ஷ்டம். இதே பசகாலியாவை லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி 1922இல் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதினார். 1930இல் இத்தாலியின் ரெஸ்பீகியும் தன் பாணியில் ஒன்று செய்தார். ஆகவே ஒரே மெட்டு எனக்கு மூன்று உடைகளில் கிடைத்தது. பரோவியாக் காட்டுக்குள் முதல்முறை நுழைந்தபோதே ஸ்டொகோவ்ஸ்கியின் தந்திக் கருவிகளை மிக மெல்லிய ஒலியில் ஓடவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை, பேசிக்கொண்டே நடந்தார்கள். ஓநாய்கள் ஊளையிட்ட இரவில் ரெஸ்பீகியின் பித்தளைக் கருவிகள். வல்லாக்கி என்ற ஊரில் சவப்பெட்டி செய்யும் தச்சன் வேலை செய்துகொண்டே முனகுவதாகச் சொல்லி, அந்த எட்டு அளவை நானே வாயால் முனகிக் காட்டினேன். வாரக்கணக்கில் இப்படியே போனது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு ஸ்ட்ராடிடமிருந்து விருந்து அழைப்பு வந்தது. கோட்டைக்குப் போனார்கள். மண்டபத்துக் கதவைத் தள்ளியதாகச் சொன்னதும் மற்ற எல்லா ஒலியையும் நிறுத்தி, ஆர்கனைப் போட்டேன். பெடல் மெட்டு தனியாக, நல்ல சத்தத்தில். நான்காவது அளவு தாண்டுவதற்குள் பாதிரியாராக ஆடும் தோழி கையை உயர்த்திவிட்டாள்.

"டேய், இரு இரு. இது காட்டுல கேட்டதுதானே? அந்தப் பொட்டிக்காரன்கூட இதைத்தானே முணுமுணுத்தான்?"

பக்கத்தில் இருந்தவன் தட்டிலிருந்த முறுக்கை அப்படியே வைத்துவிட்டான். "அப்போ முதல் நாள்லேருந்தே இவன் நம்ம கூடவே வந்துக்கிட்டு இருந்தானா?"

அந்த வாக்கியத்தை நான் எங்கும் சொல்லவில்லை. புத்தகத்திலிருந்து படித்துக் காட்டவும் இல்லை. அவர்கள் காதே கண்டுபிடித்துக்கொண்டது. ஒரு டிஎம்முக்கு இதைவிட என்ன வேண்டும்? வர்ணனையால் நான் பத்து நிமிடம் முயன்றிருந்தால், "சரி, ஸ்ட்ராட் நம்மைக் கண்காணிக்கிறான்" என்று ஒரு செய்தியாகக் குறித்துக்கொண்டிருப்பார்கள். மெட்டு அதை அவர்களுடைய சொந்த நினைவிலிருந்தே எடுத்துக் கொடுத்தது. கடந்து வந்த ஒவ்வொரு மரத்தடியும் பின்னோக்கி மாறிப்போனது. அதற்குப் பிறகு மண்டபத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லமாட்டேன்; இனிமேல் ஆடப்போகிறவர்களிடமிருந்து அதைப் பறிக்கக் கூடாது.

இதே வாசலை வேறு விதமாகத் திறந்தது 'கால் ஆஃப் க்துலு' என்ற இன்னொரு ஆட்டம். எச்.பி. லவ்கிராஃப்டின் திகில் கதைகளை வைத்து சாண்டி பீட்டர்சன் உருவாக்கியது, 1981இல் வெளிவந்தது. பெரும்பாலும் 1920களில் நடக்கும். துப்பறிவாளர்களாக ஆடுகிறவர்கள் வாள் தூக்குவதில்லை; கடிதங்களைப் படிக்கிறார்கள், பூட்டிய அறைகளுக்குள் நுழைகிறார்கள், அறியக்கூடாததை அறிந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி பேதலிக்கிறார்கள். 1920கள் என்றால் கிராமஃபோன். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டு. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிட இசைதான் கொள்ளும்.

அந்த மூன்று நிமிடத்தை நான் கடிகாரமாக்கினேன். லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1928 ஜூனில் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' இருக்கிறதே, துணையின்றித் தனி டிரம்பெட்டில் பாய்ந்து தொடங்குமே, அதைத் தேர்ந்தெடுத்தேன். கதை சிகாகோவில். பக்கத்து அறையில் வீட்டுக்காரர் தட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். தட்டு முடிந்தால் திருப்பிப் போட எழுந்து வருவார். அதற்குள் மேசை இழுப்பறைகளைச் சோதித்துவிட வேண்டும். அவ்வளவுதான் நான் சொன்னது. பாட்டு ஓடத் தொடங்கியதும் எங்கள் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கிசுகிசுப்பாகப் பேச ஆரம்பித்தார்கள்! யாரும் சொல்லாமலே. கதைக்குள் இருக்கும் மனிதருக்குக் கேட்டுவிடுமாம். ஆர்ம்ஸ்ட்ராங் நடுவில் சொற்களே இல்லாமல் கிளாரினெட்டோடு மாறி மாறிப் பாடும் இடம் வந்தபோது, "இன்னும் எவ்ளோ இருக்குடா?" என்று ஒருவன் உதட்டை மட்டும் அசைத்தான். தட்டு முடிந்து ஊசி உரசும் கரகரப்பு மட்டும் மிஞ்சியபோது மூன்று பேர் ஒரே நேரத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

சண்டைக் காட்சிக்கு வருகிறேன். இங்கேதான் நிறையப் பேர் பெரிய முரசுகளை அடிக்கவிடுகிறார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை, காரணம் கணக்கு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒரு சுற்று என்பது கதைக்குள் ஆறு வினாடி. ஐந்து சுற்றுச் சண்டை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மேசையிலோ அது ஒரு மணி நேரம் போகும். பகடை உருட்ட வேண்டும், கூட்ட வேண்டும், விதியைப் பற்றி வாதாட வேண்டும். மூன்று நிமிடப் போர் இசையை அந்த ஒரு மணி நேரமும் சுழலவிட்டால் எவ்வளவு நல்ல இசையும் அலுத்துவிடும். எனக்கு விடை இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கிடம் கிடைத்தது. அவருடைய 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்' 1976இல் அரங்கேறிய படைப்பு. பதினொரு நாண்களின் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்களின்) மேல் கட்டியது, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும், ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு துடிப்பு நிற்பதேயில்லை. பியானோ, மரிம்பா, சைலோஃபோன் எல்லாம் அந்தத் துடிப்பில் ஓடிக்கொண்டேயிருக்கும், அடியில் நிறம் மட்டும் மாறும். பாலத்தின் மேல் நடந்த ஒரு நீண்ட சண்டைக்கு இதைப் போட்டேன். அடடா! அந்த ஆறு வினாடி அப்படியே நீண்டு, விரிந்து, இழுத்துக் கட்டியதுபோல் நின்றது. ஏறிய இதயத் துடிப்பு கடைசிவரை ஏறியே இருந்தது. கோபுரத்திலிருந்து அம்பு கிளம்பியபோது நாண் ஒன்று மாறியது. அது தற்செயல், ஆனால் மேசையில் இருந்த ஒருவரும் அதைத் தற்செயல் என்று நம்பவில்லை.

பேச்சுதான் இந்த ஆட்டத்தின் உயிர் என்பதால், சொற்கள் உள்ள பாட்டை நான் ஆட்டத்துக்குள் விடுவதில்லை. ஒரு குரல் அறையில் சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தால், அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், நம் மூளை ஒரு காதை அங்கே கொடுத்துவிடும். புரிந்த மொழி என்றால் இன்னும் மோசம். நன்கு தெரிந்த இசைக்கும் இதே சிக்கல் உண்டு. பின்னணி இசை என்றாலே நமக்கு இளையராஜாதான். அந்தப் பாசத்தில் நண்பன் ஒருவன் 'மௌன ராகம்' பிஜிஎம்மைப் போடச் சொல்லிக் கெஞ்சினான். போட்டால் அடுத்த நொடி பரோவியாவுக்குள் அந்தப் படத்தின் கார்த்திக் வந்துவிடுவார், அவரை வெளியே அனுப்ப யாருக்கு மனம் வரும்? ஹோவர்ட் ஷோரின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இசையும் அப்படியே, கேட்டவுடன் ஷயர் கிராமம் கண்ணில் விரிந்துவிடும். அதற்குப் பதில் ராஜாவின் 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்' எடுத்து ஒரு துறைமுக நகரத்துக்கு வைத்தேன். கர்நாடக ராகமும் பாஹ்கும் அதில் கைகோத்து நடக்கும். எந்தக் காட்சிக்கும் கட்டுப்படாத இசை. பல நாட்டு வணிகர்கள் வந்து இறங்கும் அந்த நகரம் இன்றும் எங்கள் கூட்டத்துக்குப் பிடித்த ஊர். வேலை இருக்கிறதோ இல்லையோ, அங்கே போகலாம் என்பார்கள்.

மெட்டு வேண்டாத நேரங்களும் உண்டு. மழை, மதுக்கடை இரைச்சல், கப்பல் பலகைகளின் முனகல் போதும் என்றால் 'டேபிள்டாப் ஆடியோ' இருக்கிறது, பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக. ஆஸ்திரேலியாவின் பெஞ்சமின் லூம்ஸ் தொடங்கிய 'சிரின்ஸ்கேப்' இன்னொரு அற்புதம். அது ஒரே பதிவைத் திரும்ப ஓட்டுவதில்லை. இடி, தூரத்துக் குதிரை, கதவுச் சத்தம் என்று சிறு துணுக்குகளை ஒழுங்கில்லாமல் கலந்துகொண்டே இருக்கும், அதனால் எங்கே சுழல்கிறது என்று காது பிடிக்கவே முடியாது. இப்படிப்பட்ட ஒலி கச்சேரியில் தம்பூராவைப்போல. அதை யாரும் கேட்க வருவதில்லை, ஆனால் மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. எங்கள் வீட்டில் இதற்கு எதிர்பாராத துணை ஒன்றும் கிடைத்தது. மே மாதத்தில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தே ஆகவேண்டும். பனிமலைக் காற்றின் ஒலியை அதன் கீழே சேர்த்துவிட்டால், விசிறியே மலைக்காற்றாகிவிடுகிறது. வியர்த்துக்கொண்டே குளிருக்குப் போர்வை தேடிய பாத்திரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்பீக்கரை என் பக்கத்தில் வைப்பதில்லை. என் குரலும் இசையும் ஒரே திசையிலிருந்து வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஆடுபவர்களின் முதுகுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் ஒலி அறை முழுக்கப் பரவி வரும், எங்கிருந்து என்று தெரியாது. சத்தம், சாதாரணமாகப் பேசினால் எல்லோருக்கும் கேட்கும் அளவுக்குக் கீழேயே இருக்கவேண்டும். காது கொஞ்சம் மந்தமான நண்பர் ஒருவர் எங்களோடு ஆடுகிறார். அவர் பேசும் முறை வரும்போதும் அவரிடம் யாராவது பேசும்போதும் நான் ஒலியை முழுதாக இறக்கிவிடுவேன். அந்த ஏற்ற இறக்கமே ஆட்டத்துக்கு ஒரு மூச்சைக் கொடுத்துவிட்டது. அவர் வாய் திறந்தால் உலகமே காது கொடுப்பதுபோல் இருக்கும். அதனாலேயே எங்கள் கூட்டத்தில் அவருடைய கிழட்டு ராஜதந்திரிக்கு அப்படி ஒரு மரியாதை.

நிறுத்துவதும் வாசிப்பில் சேர்த்திதான். மணிக்கணக்காக ஓடிய மழை சட்டென்று நின்றால், "என்னாச்சு?" என்று எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் பதில் சொல்லமாட்டேன். குகைக்குள் எதுவோ வந்துவிட்டது என்று அவர்களே முடிவுகட்டி, விளக்கை அணைத்து, ஒருவர்பின் ஒருவர் பதுங்கிவிடுவார்கள். சில விளையாட்டுகளுக்கு ஆரம்பத்திலிருந்தே இசை வேண்டாம். 'டிரெட்' என்ற திகில் ஆட்டத்தில் பகடைக்குப் பதில் ஜெங்கா கோபுரம். மரத்துண்டு ஒன்றை உருவ வேண்டும், கோபுரம் சரிந்தால் அந்தப் பாத்திரம் கதையை விட்டுப் போய்விடும். மரத்தோடு மரம் உரசும் சத்தத்துக்கு மேல் அங்கே எந்த இசையையும் வைக்க எனக்கு மனம் வராது.

எங்கள் கூட்டம் அடுத்து ஆடப்போவது ஏவரி ஆல்டர் எழுதிய 'ரிப்பன் டிரைவ்'. நெடுஞ்சாலைப் பயணம் போகும் நண்பர்களைப் பற்றிய ஆட்டம். இதில் ஆளாளுக்கு ஒரு பாட்டுத் தொகுப்பைத் தயார் செய்துகொண்டு வரவேண்டும். அந்தப் பாட்டுகளிலிருந்துதான் காட்சிகளும் மனிதர்களும் பிறப்பார்கள். இங்கே இசை பின்னணியில் இல்லை, வண்டியை ஓட்டுவதே அதுதான். சொற்களுக்கு நான் போட்ட தடையும் இங்கே செல்லாது. இளையராஜா கேட்டுக் கெஞ்சியவன் ஒரு வாரமாகத் தூங்கவில்லை; கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும்படி, ராஜாவின் பாட்டுகளாகவே ஒரு தொகுப்பு கட்டிக்கொண்டிருக்கிறான். பாதிரியார் தோழி தொண்ணூறுகளின் ரஹ்மானை விட்டுத்தரமாட்டேன் என்கிறாள். யார் தொகுப்பு முதலில் ஓடும் என்ற சண்டை இன்னும் தீரவில்லை. சனிக்கிழமை மாலை பகடை போட்டு முடிவு செய்வதாக இருக்கிறோம்.